தானியமும் தாராளமயமும் – 9: மயாமி அரிசி

ஹைட்டியின் மிக நீளமான ஆறு ஆர்த்திபோனிட். கிழக்கே டொமினிக்கன் குடியரசின் மலைகளில் பிறந்து, மேற்கு நோக்கி ஓடி, கோனாவ் வளைகுடாவில் கலக்கிறது. கடலைச் சேருமுன் அது விரிந்து பாயும் சமவெளியில்தான் நாட்டின் நெல் விளைகிறது. ஹைட்டி மண்ணில் விளையும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இங்கிருந்து வருகிறது. சுற்றிலும் மரங்கள் வெட்டப்பட்டு மொட்டையாகிப்போன குன்றுகள்; நடுவே சுமார் 30,000 ஹெக்டேர் பச்சை. ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி குத்தகை நிலம். மண்வெட்டியால் உழவு நடக்கும். நடவையும் அறுப்பையும் ‘கொன்பிட்’ என்னும் கூட்டு உழைப்பால் முடிப்பார்கள்: இன்று ஒருவர் வயலில் எல்லோரும், நாளை அடுத்தவர் வயலில் எல்லோரும்.

பள்ளத்தாக்கை வளர்க்க 1949இல் அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்க ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடனில் 1956இல் பெலிக்ர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைநீரில் நிலம் மூழ்கிய குடியானவர்கள் மலைச்சரிவில் ஏறிப் பயிர் செய்தார்கள். அந்தச் சரிவுகளின் மண் மழையில் கரைந்து அணைக்குள்ளேயே வந்து படிந்தது. இந்தக் குறையோடும், வாய்க்கால் எட்டிய இடங்களில் நெல் பெருகியது. அறுத்த நெல்லை ஊர் மில்லில் அரைத்து, மூட்டை கட்டி, லாரியின் மேல் ஏறி உட்கார்ந்து தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் பெண் வியாபாரிகள். ஓயாமல் கூச்சலிடும் ஒரு பறவையின் பெயரால் அவர்களை ‘மதான் சாரா’ என்று அழைப்பார்கள். வயலையும் நகரத்துச் சமையலறையையும் இணைத்த ஒரே பாலம் அவர்கள்தான்.

அன்றைய ஹைட்டியர் அரிசியை மட்டும் நம்பி வாழவில்லை. மலையில் மக்காச்சோளமும் சோளமும், சமவெளியில் வாழைக்காயும் வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் அன்றாட உணவாக இருந்தன. சிவப்புப் பயறு சேர்த்து வேகவைத்த சோறு, வாரத்தில் ஓரிரு நாள் ஆக்கும் நல்ல சாப்பாடு. 1980களின் முற்பகுதி வரை இந்தத் தேவையில் பெரும்பங்கை ஆர்த்திபோனிட் நிறைவேற்றியது. வெளியிலிருந்து வந்த அரிசி ஆண்டுக்குச் சில ஆயிரம் டன், மிஞ்சிப்போனால் ஒருசில பத்தாயிரம் டன்.

இந்த நிலையை உழவர்மேல் கொண்ட அக்கறையால் யாரும் உருவாக்கவில்லை. 1957 முதல் தந்தையும் 1971 முதல் மகனுமாக நாட்டை ஆண்ட துவாலியே குடும்பம், இறக்குமதி உரிமங்களைத் தனக்கு வேண்டிய சில வணிகக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தது. காப்பி பயிரிட்ட குடியானவனிடம் கடும் வரி வசூலித்தது. கிராமத்துக்குச் சாலையோ பள்ளியோ தரவில்லை. ஆனாலும் உரிமம் என்ற அந்த வேலியின் பக்கவிளைவாக உள்ளூர் அரிசிக்கு ஒரு விலை நின்றது. விதை, கூலி, தண்ணீர்வரி போக வீட்டில் நெல் மிஞ்சியது. சர்வாதிகாரியின் வேலியைப் பிடுங்கும்போது அதன் நிழலில் வளர்ந்த பயிரை என்ன செய்வது என்று யாரும் யோசிக்காததே பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் தொடக்கம்.

வேலி போகுமுன்பே குடியானவனின் சேமிப்பு போயிருந்தது. 1978இல் டொமினிக்கன் குடியரசில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. அது வட அமெரிக்காவை எட்டிவிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்க உதவியுடன் நடந்த ஒழிப்பு இயக்கத்தில் 1983க்குள் ஹைட்டியின் நாட்டுப்பன்றி இனமே அழிக்கப்பட்டது. லட்சக்கணக்கான கறுப்புப் பன்றிகள் கொல்லப்பட்டன. குப்பையும் பழத்தோலும் தின்று வளரும் அந்தப் பன்றிதான் கிராமத்தின் வங்கி. பிள்ளையின் பள்ளிக்கட்டணம், கல்யாணம், சாவு, விதைநெல் எல்லாவற்றுக்கும் ஒரு பன்றியை விற்றால் போதும். ஈடாக அமெரிக்காவின் அயோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வெள்ளைப் பன்றிகளுக்குச் சிமெண்டுத் தளமும் கூரையும் விலைகொடுத்து வாங்கிய தீவனமும் வேண்டியிருந்தன. ‘நான்கு கால் இளவரசர்கள்’ என்று மக்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இது தாராளமயம் அல்ல. ஆனால் அடுத்த அடி விழுந்தபோது தாங்கிக்கொள்ளக் கையில் எதுவும் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

1986 பிப்ரவரி 7 அன்று ஜான்-குளோத் துவாலியே பிரான்சுக்குத் தப்பி ஓடினார். ராணுவத் தலைமையிலான இடைக்கால ஆட்சியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பொருளியலாளர் லெஸ்லி டெலாதூர் நிதியமைச்சரானார். உலக வங்கி, பன்னாட்டு நிதியம், அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியவை வகுத்திருந்த திட்டத்தை அவர் நடைமுறைப்படுத்தினார். இறக்குமதி உரிமங்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. சுங்கவரிகள் குறைந்தன. நட்டத்தில் ஓடிய அரசு ஆலைகள் மூடப்பட்டன. மாகாணத் துறைமுகங்கள் வெளிநாட்டுச் சரக்குக்குத் திறந்தன.

திட்டத்தின் பின்னால் இருந்த கணக்கு தெளிவானது. ஹைட்டியிடம் நிலம் குறைவு, மலிவான கைகள் அதிகம். ஆகவே அது அரிசி விளைவிக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கு மாம்பழமும் காப்பியும் வளர்க்கலாம், ஆலைகளில் சட்டை தைக்கலாம். சம்பாதிக்கும் டாலரில் அரிசியை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். அப்போது அமெரிக்கப் பேஸ்பால் போட்டிகளில் வீசப்பட்ட பந்துகள் போர்ட்-ஓ-பிரின்ஸ் பெண்களின் கையால் தைக்கப்பட்டவை என்பது இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் கணக்கின் ஒரு பக்கம் மட்டும் நிறைவேறியது. வயலை விட்டு வெளியேறியவர்களுக்கு வேண்டிய ஆலைவேலை வரவில்லை. 1990ஆம் ஆண்டை ஒட்டி அரசியல் குழப்பத்துக்கு அஞ்சி, பந்து தைக்கும் தொழிலும் கோஸ்டா ரிக்காவுக்குப் போய்விட்டது.

அதே காலத்தில் கடலுக்கு அக்கரையில் வேறொரு மாற்றம் நடந்தது. 1985இல் அமெரிக்கா இயற்றிய வேளாண் சட்டம் அரிசிக்குப் புதிய கடன்முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்க விவசாயி தன் விளைச்சலை ஈடாக வைத்து, அரசு நிர்ணயித்த விலையில் கடன் வாங்கலாம். உலகச் சந்தையில் விலை அதற்குக் கீழே போனால், அந்தக் குறைந்த விலைக்கணக்கில் கடனைத் திருப்பினால் போதும். இடைவெளியை அரசு கருவூலம் ஏற்கும். இதனால் சாகுபடிச் செலவை விடக் குறைந்த விலைக்கும் அரிசியை வெளிநாட்டில் விற்க முடிந்தது. அமெரிக்க அரிசியில் ஏறத்தாழப் பாதி ஆர்கன்சா மாநிலத்தில் விளைகிறது. எந்திரத்தால் விதைப்பு, லேசர் கருவியால் சமன்செய்த வயல், ஹெக்டேருக்கு 7 டன்னுக்கு மேல் விளைச்சல். ஆர்த்திபோனிட்டில் மண்வெட்டியும் ஹெக்டேருக்கு 2 முதல் 3 டன்னும். இந்த ஏற்றத்தாழ்வு போதாதென்று மானியமும் பெரிய பண்ணையின் பக்கமே சேர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து, 2003இல், அமெரிக்காவில் 180 கோடி டாலர் செலவில் விளைந்த அரிசிக்கு அரசு 130 கோடி டாலர் மானியம் கொடுத்ததாக ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்கிட்டது. இத்தகைய இருவர் சந்திக்கும் இடத்தைத் தடையற்ற சந்தை என்று அழைத்தது, அந்தக் காலத்துப் பொருளியல் மொழி செய்த பெரும் பிழை.

வந்திறங்கிய அரிசிக்கு மக்கள் வைத்த பெயர் ‘திரி மயாமி’, மயாமி அரிசி. மயாமியில் நெல் விளைவதில்லை. கப்பல் வந்த துறைமுகத்தின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து வரும் பழைய துணிகளுக்கான ‘பேப்பே’ என்ற சொல்லையும் அதற்குச் சிலர் பயன்படுத்தினார்கள். சட்டப்படி வந்ததோடு, ராணுவ அதிகாரிகளின் துணையோடு வரி கட்டாமல் கடத்தி வந்ததும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் ஆர்த்திபோனிட் உழவர்கள் நெடுஞ்சாலையில் மரங்களையும் கற்களையும் போட்டு மயாமி அரிசி லாரிகளை மறித்தார்கள். லாரிகள் ராணுவக் காவலுடன் போக வேண்டியிருந்தது. சாலையின் இருபுறமும் ஏழைகளே நின்றார்கள் என்பதுதான் இந்த மோதலின் துயரம். மறித்தவன் தன் நெல்லுக்கு விலை கேட்டான். லாரியை எதிர்பார்த்துத் தலைநகரில் காத்திருந்தவன் மலிவான சோறு கேட்டான். பல குடும்பங்களில் மறித்தவன் அண்ணன், காத்திருந்தவன் தம்பி.

1990 டிசம்பரில் நடந்த தேர்தலில் பாதிரியார் ஜான்-பெர்த்ரான் ஆரிஸ்டீட் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றார். 1991 பிப்ரவரியில் பதவியேற்று, செப்டம்பர் 30 அன்று ராணுவப் புரட்சியில் தூக்கியெறியப்பட்டார். அடுத்த மூன்றாண்டுகள் நாடு வர்த்தகத் தடையில் தவித்தது. டீசலும் உரமும் அருகின. அரைப்பதும் ஏற்றிச்செல்வதும் முடங்கின. உணவுப்பொருளுக்குத் தடை இல்லை என்பதால் அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த அமெரிக்கன் ரைஸ் நிறுவனம் 1992இல், ராணுவத்தின் ஆதரவில் நடந்த அரசுடன் ஒப்பந்தம் செய்து, ஹைட்டியில் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. உள்ளூர் விளைச்சல் மூச்சுத்திணறிய அதே ஆண்டுகளில் இறக்குமதிக்கான கிடங்கும் விற்பனை வலையும் வேரூன்றின.

ஆரிஸ்டீட்டைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி 1994 ஆகஸ்டில் பாரிஸில் நடந்தது. கடனும் உதவியும் வேண்டுமானால் அரசு நிறுவனங்களைத் தனியாருக்குத் திறக்க வேண்டும், சுங்கவரிகளைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஏற்கப்பட்டன. அக்டோபர் 15 அன்று அமெரிக்கப் படைகளின் காவலில் அவர் நாடு திரும்பினார். 1995 தொடக்கத்தில், 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்த அரிசி வரி 3 சதவீதமாக்கப்பட்டது. கரீபியன் பகுதியிலேயே இதுதான் மிகக் குறைவு. அண்டைத் தீவுகளின் பொதுச் சந்தையான காரிகாம் அரிசிக்கு வைத்திருந்த பொது வரி 25 சதவீதம். உலக வர்த்தக நிறுவனம் இவ்வளவு குறைக்கச் சொல்லவில்லை. அங்கே ஹைட்டி ஒப்புக்கொண்ட உச்சவரம்பு இதைவிடப் பல மடங்கு உயரம். வரியை வெட்டியது உலகப் பொதுவிதி அன்று. அது கஜானா காலியான ஓர் அரசின் கையைப் பிடித்து எழுதவைத்த கடன் நிபந்தனை.

விலை விழுந்தால் நெல் ஒரே பருவத்தில் மறைந்துவிடுவதில்லை. அது படிப்படியாக நடக்கும், அந்தப் படிகளைப் பார்க்காமல் ஹைட்டியைப் புரிந்துகொள்ள முடியாது. முதல் ஆண்டு உழவன் உரத்தைக் குறைக்கிறான். அடுத்த பருவம் நல்ல விதைக்குப் பதில் வீட்டில் மிஞ்சிய நெல்லையே விதைக்கிறான். வங்கிக்கடன் கிடைக்காத நாட்டில் உள்ளூர் வட்டிக்காரன்தான் கதி. மாதத்துக்கு மாதம் ஏறும் வட்டியை அறுவடை ஈடுகட்டாதபோது நிலம் கைமாறுகிறது. தண்ணீர்வரி கட்ட ஆள் குறைந்ததும் வாய்க்கால் தூர்வாரப்படுவதில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போவதில்லை. அரவைக்கு நெல் வராத மில்லின் எந்திரம் பழுதானால் சரிசெய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. பழைய எந்திரத்தில் அரைத்த அரிசியில் குருணையும் கல்லும் கூடுகின்றன. அதைக் காட்டியே நகரத்து வாடிக்கையாளர் வெளிநாட்டு அரிசிக்கு மாறுகிறார். மதான் சாராவும் ஒருநாள் பள்ளத்தாக்குக்குப் போகும் லாரியை விட்டுத் துறைமுகக் கிடங்கில் மூட்டை எடுக்கத் தொடங்குகிறாள். வரியைத் திரும்ப உயர்த்த ஒரு கையெழுத்து போதும். வாய்க்காலும் மில்லும் விதையும் கடனும் கையெழுத்தில் திரும்பி வருவதில்லை.

விளைச்சல் அடியோடு அழிந்துவிடவில்லை. அது தேங்கியது, சில ஆண்டுகள் சரிந்தது. மக்கள்தொகையோ 1980களின் நடுவில் சுமார் 60 லட்சமாக இருந்து 2008இல் 90 லட்சத்தைத் தாண்டியது. கூடிய வாய்களுக்கான அரிசி முழுவதும் கப்பலில் வந்தது. 2000களில் இறக்குமதி ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டன். ஹைட்டியர் உண்ட அரிசியில் 80 சதவீதம் வெளியிலிருந்து வந்தது. மேற்கு அரைக்கோளத்தின் மிக ஏழை நாடு, அமெரிக்க அரிசியின் முதல் ஐந்து ஏற்றுமதிச் சந்தைகளில் ஒன்றானது.

மலிவான இறக்குமதியால் நன்மையே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. தலைநகரின் சேரிக் குடும்பம் வருமானத்தில் பாதிக்கும் மேல் உணவுக்குச் செலவிடும். அரிசி விலை குறைந்ததால் அந்தக் குடும்பத்துக்குச் சில ஆண்டுகள் வயிறு நிறைந்தது. ஆனால் அதே மலிவுதான் சாப்பாட்டுப் பழக்கத்தையும் மாற்றியது. உரிக்கவும் இடிக்கவும் நேரம் பிடிக்கும் சோளத்தையும் கிழங்கையும் விட, கால்மணி நேரத்தில் வெந்துவிடும் வெள்ளை அரிசி விறகுக்கரி வாங்கிச் சமைக்கும் நகரத்துக்கு ஏற்றதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோறு அன்றாடச் சோறானது. அதனால் நெல் பயிரிடாத மலைக்குடியானவனின் மக்காச்சோளத்துக்கும் சந்தை சுருங்கியது. அவனும் நகரத்துக்கு வந்து, அதே இறக்குமதி அரிசியின் இன்னொரு வாடிக்கையாளர் ஆனான்.

ஹைட்டி மண்ணில் நெல் விளைவிப்பதே வீண் என்ற வாதத்துக்கு அதே தீவின் மறுபாதி பதில் சொல்கிறது. டொமினிக்கன் குடியரசு தனக்கு வேண்டிய அரிசியில் மிகப் பெரும்பகுதியைத் தானே விளைவிக்கிறது. ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் அரிசிக்கு அது 99 சதவீதம் வரி வைத்தது. அறுவடை குவிந்து விலை சரியும் மாதங்களில், அரிசியைக் கிடங்கில் ஈடாக வைத்துக் கடன் பெறும் ஏற்பாட்டை அரசு செலவில் நடத்தியது. அங்கே நகரத்து ஏழை அரிசிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தார் என்பது உண்மை; ஆனால் நெல் சாகுபடி நிலைத்தது. எல்லைக்கு இப்பால் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஹைட்டியின் பள்ளத்தாக்கு நிறுவனம் ஊழலிலும் பணமின்மையிலும் உயிரற்றுக் கிடந்தது. இந்தக் குற்றத்தைக் கடன் கொடுத்தவர்கள்மேல் மட்டும் சுமத்த முடியாது. ஹைட்டியை ஆண்டவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

3 சதவீத வரிகூட முழுதாக வசூலாகவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஹைட்டிக்கு வந்த அரிசியின் எடையைக் குறைத்துக் காட்டச் சுங்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில், அமெரிக்கன் ரைஸ் நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரிகள் இருவரை 2004இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் வரலாற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வழக்குகளில் இதுவும் ஒன்று.

மலிவு நிரந்தரமில்லை என்பது 2008இல் தெரிந்தது. எண்ணெய் விலை ஏறியது, உர விலை ஏறியது. உள்நாட்டுக் கையிருப்பைக் காக்க இந்தியா 2007 அக்டோபரில் பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கி, 2008 ஏப்ரலில் முற்றாக நிறுத்தியது. வியட்நாமும் கதவை இறுக்கியது. ஆண்டின் தொடக்கத்தில் டன் 400 டாலரை ஒட்டியிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரை எட்டியது. அரிசி இருந்த நாடுகள் தம் மக்களுக்காக அதைப் பூட்டிக்கொண்டன. அதில் தவறு காண்பது கடினம். வாங்கித் தின்னும் நாடுகள் எதை நம்பிக் கதவைத் திறந்தனவோ, அந்தச் சந்தை தேவைப்பட்ட நேரத்தில் அங்கே இல்லை.

போர்ட்-ஓ-பிரின்ஸில் அந்தப் பசிக்குக் ‘குளோராக்ஸ்’ என்று பெயர் வந்தது. வெளுப்புத் திரவத்தைக் குடித்ததுபோல வயிறு எரிகிறது என்று பொருள். சித்தே சொலேய் சேரியில் களிமண்ணோடு உப்பும் கொழுப்பும் கலந்து வெயிலில் காயவைத்த வில்லைகளை மக்கள் வாங்கித் தின்றார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தெற்கே லே காய் நகரில் கிளம்பிய போராட்டம் தலைநகருக்குப் பரவி, அதிபர் மாளிகையின் வாயிலை முட்டியது. உயிர்கள் போயின. ஏப்ரல் 12 அன்று செனட் சபை பிரதமர் ஜாக்-எதுவார் அலெக்சியைப் பதவிநீக்கியது. அதே நாளில் அதிபர் ரெனே பிரேவால் 23 கிலோ அரிசி மூட்டையின் விலையை 51 டாலரிலிருந்து 43 டாலருக்குக் குறைப்பதாக அறிவித்தார். விலை ஏறியதால் ஆர்த்திபோனிட் உழவனுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் உரம் அதைவிட வேகமாக ஏறியிருந்தது, வாய்க்கால் தூர்ந்திருந்தது, விதைக்கும் முன்பணத்துக்கும் வழியில்லை. கூடுதல் விலையைப் பிடித்துக்கொள்ளும் வலு அவனிடம் மிச்சமில்லை.

2010 ஜனவரி 12 அன்று வந்த நிலநடுக்கம் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. இறந்தவர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. கிராமத்தில் பிழைக்க வழியின்றி வந்து, சரிவுகளில் நெருக்கமாகக் கட்டிய சிமெண்டு வீடுகளில் குடியிருந்தவர்கள் அவர்களில் ஏராளம். மார்ச் 10 அன்று அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுவின் முன் முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் சாட்சியம் அளித்தார். ஆர்கன்சாவின் ஆளுநராக இருந்தவர். 1995இல் வரி வெட்டப்பட்டபோது அதிபராக இருந்தவர். அந்தக் கொள்கை தன் மாநிலத்து விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு என்றும், ஹைட்டி தன் மக்களுக்கு உணவளிக்கும் திறனை இழந்ததன் விளைவோடு தான் ஒவ்வொரு நாளும் வாழ வேண்டியிருக்கிறது என்றும் அவர் கூறினார். ஆட்சியில் இருந்த ஒருவர் இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அரிது. அதே மாதம் வாஷிங்டன் சென்ற பிரேவால், உணவு உதவி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் அது உள்நாட்டு விளைச்சலோடு போட்டியிடும் என்று எச்சரித்தார். வேளாண்மை படித்தவர் அவர். தன் முதல் ஆட்சிக்காலத்தில் ஆர்த்திபோனிட்டில் நிலச் சீர்திருத்தத்துக்கு முயன்றவர்.

அக்டோபரில் அந்த ஆற்றிலேயே நோய் வந்தது. மிர்பாலே நகருக்கு அருகில் ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து கழிவு கலந்த ஓடை, காலராவை ஆர்த்திபோனிட்டில் கொண்டுசேர்த்தது. முதலில் சாய்ந்தவர்களில் வாய்க்கால் தண்ணீரில் நின்று வேலை செய்து, அதையே குடித்த நெல்வயல் தொழிலாளர்களும் இருந்தார்கள். அறுவடைக்கு வயலில் இறங்க மக்கள் அஞ்சினார்கள். தொற்று ஓயுமுன் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

இதன் பின் ஒவ்வொரு அரசும் உள்நாட்டு அரிசியை மீட்பதாகத் திட்டம் அறிவித்தது. தைவான் வேளாண் வல்லுநர்கள் பள்ளத்தாக்கில் கொண்டுவந்த நெல்வகைகளால் சில இடங்களில் விளைச்சல் கூடவும் செய்தது. ஆனால் அரசுகள் ஒரு கண்ணியில் சிக்கியிருந்தன. வரியை உயர்த்தினால் பலன் வர வாய்க்காலும் மில்லும் தயாராகி இரண்டு மூன்று பருவங்கள் கழிய வேண்டும். விலை உயர்வோ மறுநாள் காலையே சேரியில் தெரியும். 2008இன் நினைவு மாறாத எந்த அரசும் அதைத் துணிந்து செய்யாது. போதாததற்கு இறக்குமதி ஒருசில பெரிய வணிகர்களின் கையில் குவிந்திருந்தது. இப்போது உள்ளூரின் மணமுள்ள ‘ஷெல்டா’ அரிசி, இறக்குமதி அரிசியை விட விலை கூடுதல். வசதியுள்ளவரும் வெளிநாடுவாழ் ஹைட்டியரும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதை விளைவித்தவரின் வீட்டில் வேகுவது பல நேரம் இறக்குமதி அரிசி. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, ஹைட்டியில் விற்கும் இறக்குமதி அரிசியில் ஆர்செனிக்கும் காட்மியமும் உள்ளூர் அரிசியில் உள்ளதை விட அதிகம் என்று கண்டது. மூன்று வேளையும் அரிசியையே நம்பும் குழந்தைகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

2021 ஜூலையில் அதிபர் ஜோவெனல் மோய்ஸ் கொலை செய்யப்பட்ட பின் நாட்டை ஆயுதக் கும்பல்கள் பங்கு போட்டன. 2022 அக்டோபரில் ஐ.நா. முகமைகள் வெளியிட்ட மதிப்பீட்டில் 47 லட்சம் பேர் கடும் பசியில் இருந்தார்கள். சித்தே சொலேயில் 19,000 பேர் பேரழிவு நிலையில் இருந்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அந்த நிலை பதிவானது அதுவே முதல்முறை. 2024 செப்டம்பரில் கடும் பசியில் இருந்தவர்கள் 54 லட்சம், மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி. அதே ஆண்டு மார்ச்சில் கும்பல்கள் தலைநகரின் விமான நிலையத்தை முடக்கின. துறைமுகத்தில் கொள்ளை நடந்து சரக்கு இறக்குவது நின்றது. உண்ணும் அரிசியில் பெரும்பங்கு அந்தத் துறைமுகம் வழியாக வரும் நாடு அது. உள்நாட்டு அரிசி வர வேண்டிய வடக்கு நெடுஞ்சாலையிலும் கும்பல்களின் சோதனைச் சாவடிகள். லாரிக்குக் கப்பம், மூட்டைக்குக் கப்பம். அக்டோபர் 3 அன்று விடியுமுன், ஆர்த்திபோனிட்டின் நெல் வியாபாரம் கூடும் பொன்-சோந்தே ஊருக்குள் ஒரு கும்பல் புகுந்து குறைந்தது 70 பேரைச் சுட்டுக் கொன்றது. உயிர் பிழைத்தவர்கள் கால்நடையாகச் சென்-மார்க் நகரை நோக்கி ஓடினார்கள்.